வேலுமணி வீட்டுக் கல்யாணக்கிளி

உள் அறையில் கெட்டிமேளம் கொட்டியது.

சாதாரணக் கொட்டு அல்ல. தாலி கழுத்தில் ஏறும் நேரத்தில் நாதஸ்வரக்காரரும் தவில்காரரும் ஒருவரையொருவர் முந்தப் பார்ப்பார்களே, அந்தக் கொட்டு. பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியோரம் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்த வேலுமணிக்கு, வாயிலிருந்த நுரை தொண்டைக்குள் இறங்கிவிட்டது. இருமிக்கொண்டே வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஈரக் காலோடு ஓடினார். ஓடியும் பயனில்லை. அவர் அறை வாசலை எட்டுவதற்குள் மேளம் நின்று, தேனில் குழைத்த ஒரு பெண்குரல் தெருக்கோடி வரைக்கும் கேட்கும்படி பேசிவிட்டது.

"வேலுமணி அவர்களே! உங்களுக்காக ஒரு நெஞ்சம் காத்திருக்கிறது!"

சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த மிக்சி பட்டென்று நின்றது.

"ஏனுங்க," என்று அமுதவல்லியின் குரல் வந்தது. "உங்களுக்குத்தான். போய் என்னன்னு கேளுங்க. பாவம், காத்திட்டிருக்குதாம்."

"நான் தொடவே இல்ல அமுதா. பல்லு வெளக்கிட்டு இருந்தேன்."

"நான்தான் கம்ப்யூட்டர் சுச்சைப் போட்டேன். நம்ம பையன் சிவா மூஞ்சியைப் பார்த்துப் பேசலாம்னு. எனக்கு முன்னால உங்க கிளி முழிச்சுக்கிச்சு. நல்லாப் பல்லு வெளக்குங்க. காத்திட்டிருக்கற நெஞ்சத்துக்கு முன்னால நுரையோட போய் நிக்காதீங்க."

மிக்சி மறுபடி ஓடத் தொடங்கியது. தேங்காய்ச் சட்னி அரைபடும் அந்தச் சத்தத்தில் தன் மானமும் சேர்ந்து அரைபடுவதாக வேலுமணிக்குத் தோன்றியது. கம்ப்யூட்டர் திரையின் மூலையில் ஒரு பச்சைக்கிளி, அலகில் மாலையைக் கவ்விக்கொண்டு அவரைப் பார்த்துத் தலையை ஆட்டியது. அந்தத் தலையாட்டலில் இருந்த நம்பிக்கையைப் பார்த்தால் யாருக்கும் அழுகை வரும்.

ராசிபுரத்தில் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தெருவில் வேலுமணியைத் தெரியாதவர்கள் இல்லை. நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள். அவர் ஒருவருக்கும் 'இல்லை' என்று சொன்னதில்லை, அதனால் சொல்வார்கள். அந்த ஒரு சொல் அவர் வாய்க்கு எட்டாமலே போனதற்கு அவருடைய தொழிலும் ஒரு காரணம். நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் இளவயதில் போய் உட்கார்ந்தவர், தலை நரைத்த பிறகுதான் எழுந்து வந்தார். அந்த ஆபீசில் ஒரு பழக்கம் உண்டு. காலையில் முதல் டிரைவர் வந்து "லோடு இருக்குதுங்களா?" என்று கேட்டால் "இல்லை" என்று சொல்லவே கூடாது. சொன்னால் அன்றைக்கு முழுவதும் லோடு வராது என்று முதலாளிக்குப் பயம். "வருது, உக்காருங்க" என்றுதான் சொல்ல வேண்டும். வேலுமணி அதை அப்படியே பிடித்துக்கொண்டார். காலையில் முதல் ஆளுக்குச் சொன்னதை மத்தியானம் வந்தவருக்கும் சொன்னார், சாயங்காலம் வந்தவருக்கும் சொன்னார். அவர் பேச்சை நம்பி உட்கார்ந்திருந்த டிரைவர்கள் ஆபீஸ் வாசலிலேயே சோறாக்கித் தின்று, தாயம் ஆடி, சிலர் தாடியும் வளர்த்தார்கள். ஆனாலும் ஒருவர்கூட அவரை வைததில்லை. அவ்வளவு இனிமையாக அவர் "வருது" என்று சொல்வார்.

வீட்டில் அம்மா வளர்த்த விதமும் அப்படித்தான். மஞ்சள் தீர்ந்தால் "தீர்ந்தது" என்று சொல்லக்கூடாது, "நிறைஞ்சு போச்சு" என்று சொல்ல வேண்டும். அரிசி இல்லை என்று அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. பானையைத் திறந்து பார்த்துவிட்டு "நிறைஞ்சிருக்குது, வாங்கிட்டு வாங்க" என்பார்கள். அபசகுனமான சொல் ஒன்று வாயிலிருந்து விழுந்தால் அது வீட்டுக்குள்ளேயே குடியேறிவிடும் என்பது வேலுமணியின் ரத்தத்தில் ஊறிய நம்பிக்கை.

ஆகவே அவர் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து அந்த வீட்டில் 'இல்லை'யும் 'வேண்டாமு'ம் சொல்லும் வேலை அமுதவல்லியின் தலையில் விழுந்தது. தண்ணீர் சுத்தம் செய்யும் இயந்திரம் விற்க வந்தவர்களை அவர் உள்ளே கூப்பிட்டு மோர் கொடுப்பார். அவள் வந்து துரத்துவாள். அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்த ஒரு வாரத்தில் மட்டும் வெவ்வேறு கம்பெனிக்காரர்கள் வந்து வெவ்வேறு இயந்திரங்களைச் சுவரில் மாட்டிவிட்டுப் போனார்கள். இன்றைக்கும் அந்தச் சமையலறையில் ஒன்றிலிருந்து இறங்கும் தண்ணீர் இன்னொன்றில் ஏறி இறங்கித்தான் தம்ளருக்கு வருகிறது. "எங்க ஊட்டுத் தண்ணி மாதிரி சுத்தம் காவிரியிலயும் கெடையாது," என்று அமுதவல்லி ஒறம்பரையாக வரும் சொந்தக்காரர்களிடம் சொல்வாள். சொல்லும்போது கணவரைத்தான் பார்ப்பாள்.

இப்படிப்பட்ட மனிதரின் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள்தான் அந்தக் கிளி வந்து உட்கார்ந்தது.

கம்ப்யூட்டர், மகன் சிவபிரகாஷுடையது. ஊரடங்குக் காலத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்த்தவன், புனேவுக்குத் திரும்பிப் போகும்போது அதை அப்பாவுக்கு விட்டுவிட்டுப் போனான். அவனுக்குப் பெண் தேட ஆரம்பித்த சமயம், 'கல்யாணக்கிளி' என்ற ஒன்றை யாரோ சொன்னார்கள். இலவசம். ஒரு முறை இறக்கிவிட்டால் அதுவே ஜாதகம் பொருத்தும், அதுவே வரன் தேடும், அதுவே நாதஸ்வரம் வாசிக்கும். பதிவு செய்பவர் பெயர், வயது, விலாசம் என்று கேட்ட இடத்தில் வேலுமணி உண்மையாகத் தன்னுடையதையே போட்டார். மகனுக்குப் பெண் கிடைத்தது அந்தக் கிளியால் அல்ல. அமுதவல்லியின் சித்தி மகள் மூலமாக. இருந்தாலும் கிளி கோபித்துக்கொள்ளவில்லை. 'மகனுக்குத் திருமணம் முடிந்ததா? வாழ்த்துகள்! மண்டபத்தில் எடுத்த படம் ஒன்று அனுப்புங்கள்' என்று கேட்டது. கேட்டால் இல்லை என்பாரா வேலுமணி? பட்டு வேட்டியும் மை பூசிய மீசையுமாகத் தானும் மனைவியும் சிரித்துக்கொண்டு நிற்கும் படத்தை அனுப்பி வைத்தார்.

கிளி அந்தப் படத்தை வட்டமாக வெட்டியது. வட்டத்துக்குள் வேலுமணி முழுசாக அகப்பட்டார். அமுதவல்லியில் தோள்பட்டை மட்டும் அகப்பட்டது.

அன்றிலிருந்து ஆரம்பித்தது வினை. மகன் முடிந்தான், அடுத்து இந்த வீட்டில் யார் பாக்கி என்று கிளி தேடியிருக்கிறது. பதிவுசெய்தவரைத் தவிர வேறு பெயர் இல்லை. அதற்குப் பிறகு கம்ப்யூட்டரைத் திறக்கும்போதெல்லாம் கெட்டிமேளம்தான். கணவனை இழந்தவர்கள், கணவனைப் பிரிந்தவர்கள், வாழ்க்கையில் ஒரு துணை வேண்டி நிற்பவர்கள் என்று நடுத்தர வயதுப் பெண்முகங்கள் திரையில் ஊர்வலம் வந்தன.

நீக்கிப் பார்க்காமல் இல்லை. கிளியின் படத்தை இழுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். படம் போயிற்று, மேளம் போகவில்லை. மகன் போனில் வழி சொன்னான். "கன்ட்ரோல் பேனலுக்குப் போங்கப்பா. அன்இன்ஸ்டால் குடுங்க. கடைசியில ஒரு கேள்வி கேக்கும், ஆமான்னு அமுக்கீருங்க. ரீஸ்டார்ட் பண்ணுங்க. முடிஞ்சுது."

அந்தக் கடைசிக் கேள்வியில்தான் வேலுமணி ஒவ்வொரு முறையும் விழுந்தார். கிளி கண்ணில் நீர் ததும்ப நின்றுகொண்டு கேட்கும், 'என்னை அனுப்புகிறீர்களா?' என்று. கீழே இரண்டு பொத்தான்கள். சிவப்பில் ஒன்று: 'ஆம், இனி எங்கள் இல்லத்தில் சுபகாரியம் எதுவும் வேண்டாம்.' பச்சையில் ஒன்று: 'பார்த்துக்கொண்டிருக்கிறோம்.'

எந்தத் தகப்பன் அந்தச் சிவப்புப் பொத்தானை அமுக்குவான்? மகனுக்கு இப்போதுதான் கல்யாணம் ஆகியிருக்கிறது. நாளைக்கு மருமகளுக்கு வளைகாப்பு வர வேண்டும், பேரனோ பேத்தியோ வர வேண்டும், காதுகுத்து வர வேண்டும். 'சுபகாரியம் வேண்டாம்' என்று தன் கையால் அமுக்கிவிட்டு அந்தக் கையால் எப்படிச் சோறு தின்பது? வேலுமணியின் விரல் சிவப்பு வரை போய்த் திரும்பும். கடைசியில் பச்சையை அமுக்கிவிடுவார். "என்னங்கப்பா, போயிருச்சா?" என்று மகன் கேட்டால், "போகுது சாமி, போகுது" என்பார். லோடு வந்துகொண்டிருந்த அதே மாதிரி.

'பார்த்துக்கொண்டிருக்கிறோம்' என்று அவர் அமுக்கிய ஒவ்வொரு தடவையும் அந்தக் கிளி அதைத் தன்னோடு வைத்துக்கொள்ளாமல், மறுமுனையில் இருந்தவர்களுக்கு 'வேலுமணி அவர்கள் விருப்பம் தெரிவித்திருக்கிறார்' என்று சொல்லியனுப்பிக்கொண்டிருந்தது. பாவம், அது அவருக்குத் தெரியாது.

இதோ, அவர் நுரையை விழுங்கிய அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வாசல் மணி அடித்தது.

அமுதவல்லிதான் கதவைத் திறந்தாள். வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, கையில் ஒரு பை நிறையப் பழமும் வெற்றிலை பாக்கும். ஐம்பது தாண்டிய ஒரு மனிதர் செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

"வேலுமணிங்கறவரு ஊடு இதுதானுங்களா? நான் எடப்பாடியில இருந்து வாரேனுங்க. அர்த்தநாரி. தறி போட்டிருக்கறமுங்க. கல்யாணக்கிளியில பார்த்தோம். வரன் விசயமாப் பேசலாம்னு வந்தனுங்க."

"வரனுங்களா? யாருக்குங்க?"

"வேலுமணி மாப்பிள்ளைக்குத்தானுங்க." அவர் அவளை உற்றுப் பார்த்து முகம் மலர்ந்தார். "நீங்க அவரு தங்கச்சிதானுங்களே? போட்டோவுல உங்க தோள்பட்டை தெரிஞ்சுதுங்க."

வேறொருத்தியாக இருந்தால் அந்த இடத்தில் மயங்கி விழுந்திருப்பாள். இல்லையென்றால் தெருவே கூடும்படி அலறியிருப்பாள். அமுதவல்லி ஒரு கணம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, "உக்காருங்க. மாப்பிள்ளையக் கூப்பிடறேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வேலுமணி இட்லியைச் சட்னியில் தோய்த்துக்கொண்டிருந்தார்.

"எந்திரிங்க. நல்ல சட்டையாப் போட்டுக்கிட்டு வாங்க. மாப்பிள்ளை பார்க்க வந்திருக்காங்க."

"யாரைப் பார்க்க?"

"உங்களைத்தான். எடப்பாடியில இருந்து. மச்சான் பழத்தோட வந்திருக்காரு. காப்பித் தட்டை நீங்களே எடுத்துட்டுப் போறீங்களா, இல்ல நான் எடுத்துட்டு வரட்டுமா? பாடத் தெரியுமான்னு கேட்டாக் கேப்பாங்க, தொண்டையச் சரி பண்ணிக்குங்க."

இட்லி தட்டிலேயே விழுந்தது. நடந்ததை அவள் இரண்டு வரியில் சொல்லி முடித்தபோது வேலுமணியின் கண்முன் வீடு சுழன்றது, தட்டு சுழன்றது, சுவரில் மாட்டியிருந்த தண்ணீர் இயந்திரங்கள்கூடச் சுழன்றன.

"அமுதா, நீ போய்ச் சொல்லீரு கண்ணு. எப்பவும் நீதானே சொல்லுவ."

"நான் சொன்னா அது சண்டையாப் போயிரும். நீங்க சொன்னாத்தான் பதில். நீங்களே சொல்லுங்க." அவள் அடுப்பைப் பற்ற வைத்துக் காப்பிக்குப் பாலை ஏற்றினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

வேலுமணி சட்டையை மாட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். அர்த்தநாரி எழுந்து நின்றார். இருவரும் கும்பிட்டுக்கொண்டார்கள். எடப்பாடியில் மழை உண்டா என்று வேலுமணி கேட்டார். மழை இல்லை என்று அர்த்தநாரி சொன்னார். நூல் விலை எப்படி என்று கேட்டார். நூல் விலையைக் கேட்காதீர்கள் என்று அவர் சொன்னார். பேருந்து கூட்டமா என்று கேட்டார். கேட்க இனி ஒன்றும் மிச்சமில்லாமல் போனதும் இருவரும் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

அர்த்தநாரிதான் ஆரம்பித்தார். "எம்பட தங்கச்சி பேரு பிரபாவதிங்க. பிரபான்னு கூப்பிடுவோம். கட்டிக் குடுத்துக் கொஞ்ச காலத்துலயே எங்க மாப்பிள்ளை லாரி விபத்துல போயிட்டாருங்க. கொழந்தை இல்ல. தையக்கடை வெச்சிருக்குதுங்க, யாருக்கும் பாரமில்ல. இத்தனை வருசமா நானும் சொல்லிச் சொல்லிப் பார்த்தனுங்க. வேண்டாம்னே சொல்லிட்டிருந்தா. போன வாரம் உங்க போட்டோ வந்துச்சு. நீங்க விருப்பம் தெரிவிச்சிருக்கறதா வந்துச்சு. ரொம்ப நேரம் பார்த்துட்டு, 'சிரிச்ச மூஞ்சியா இருக்கறாருண்ணா, போய்ப் பார்த்துட்டு வாங்க'ன்னாளுங்க." அவர் பழப்பையை முன்னால் நகர்த்தி வைத்தார். "அவ வாயில இருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லைங்க."

இந்த மனிதரிடம் இல்லை என்று சொல்வதா? அதை விட, வேகமாக வரும் லாரியின் முன்னால் போய் நிற்கலாம் போலிருந்தது. வேலுமணியின் நாவின் நுனியில் அந்தப் பழைய சொல், பழகிய சொல், தேன் மாதிரி வந்து நின்றது.

"பார்த்துட்டுச் சொல்றே..."

முழுசாக முடிக்கக்கூட இல்லை. அர்த்தநாரியின் முகத்தில் வெளிச்சம் பரவிவிட்டது. "போதுமுங்க! இந்த ஒரு வார்த்தை போதும். இருங்க, பிரபாகிட்டச் சொல்லீர்றேன். காலையில இருந்து கடையத் திறக்காமப் போனையே பார்த்துட்டு உக்காந்திருப்பா." அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

சமையலறை வாசலில் காப்பித் தம்ளர்களோடு அமுதவல்லி நின்றிருந்தாள். கோபமாக நின்றிருந்தால் வேலுமணி தப்பித்திருப்பார். அவளுடைய கோபம் அவருக்குப் பழக்கம். அவள் கோபமாக இல்லை. எடப்பாடியில் சாத்திய தையல்கடைக்குள் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருத்தியை அவள் கண்கள் இங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்தன. எத்தனை டிரைவர்கள் வேலுமணியின் பேச்சை நம்பி ஆபீஸ் வாசலில் அப்படி உட்கார்ந்திருந்தார்கள்! அவர்களுக்காவது தாயம் ஆட ஆள் இருந்தது.

"வேண்டாமுங்க," என்றார் வேலுமணி.

அர்த்தநாரியின் விரல் போன் மேல் நின்றது.

"போன் பண்ண வேண்டாமுங்க. நான் பார்த்துட்டுச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லீங்க. எனக்கு வரன் வேண்டாம்." ஒவ்வொரு சொல்லும் கல் பெயர்வது போல வந்தது. "இவங்க எம்பட தங்கச்சி இல்லீங்க. எம்பட சம்சாரம்."

அர்த்தநாரி அவரைப் பார்த்தார். அமுதவல்லியைப் பார்த்தார். அவளுடைய முகத்தை விட்டுவிட்டு, தோள்பட்டையைப் பார்த்தார். முகம் சிவந்தது.

"சம்சாரத்தை ஊட்டுல வெச்சுக்கிட்டா வரன் தேடறீங்க? அதுவும் இந்த வயசுல! நாங்க என்ன கேக்க ஆளில்லாதவங்களா?"

"அண்ணா, உக்காருங்க," என்று அமுதவல்லி குறுக்கே வந்தாள். "இவரு வரன் தேடற ஆளா இருந்தா நான் இந்நேரம் நிம்மதியா இருந்திருப்பேன். இவருக்குக் கறிகாய்க் கடையில கத்திரிக்காய் தேடவே தெரியாது. காப்பியக் குடிங்க. அந்தப் பறவைய நீங்களே வந்து பாருங்க."

மூவரும் உள் அறைக்குப் போனார்கள். சுவிட்சைப் போட்டதும் கெட்டிமேளம் கொட்டியது. அர்த்தநாரி, தன் தங்கையின் படம் திரையில் வந்து நிற்பதைப் பார்த்தார். காத்திருக்கும் நெஞ்சம் அவளுடையதுதான். வேலுமணி தலை குனிந்தபடி எல்லாவற்றையும் சொன்னார். அன்இன்ஸ்டாலுக்குப் போய் அந்தக் கடைசிக் கேள்வியையும் காட்டினார். அந்த இரண்டு பொத்தான்களை அமுதவல்லி அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பார்த்தாள்.

"அட ராமா!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். "இதுக்காகவா இத்தனை மாசம்? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

அர்த்தநாரி கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சிவப்புப் பொத்தானை எழுத்துக்கூட்டிப் படித்தார். அவருடைய கோபம் பாதியில் இறங்கிப்போயிற்று. "அடப் பாவி. இப்படியா எழுதி வெப்பான்? எனக்குக்கூட இதை அமுக்கக் கை வராதுங்க," என்றார். அப்புறம் நினைவு வந்தவராக, "ஆனா நீங்க எம் முன்னால அமுக்கித்தான் ஆகோணும்," என்றார்.

வேலுமணி மவுஸைப் பிடித்தார். கண்ணை மூடினார். "சாமி, இந்தக் கிளி வழியாத்தான் வேண்டாம். வளைகாப்பு வேணும், பேரன் பேத்தி வேணும், காதுகுத்து வேணும். மத்தபடி எது வந்தாலும் வேணும்," என்று சத்தமாகவே சொல்லிவிட்டு அமுக்கினார்.

கிளி ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டது. மாலை அலகிலிருந்து விழுந்தது. கம்ப்யூட்டர் அணைந்து, மறுபடி எழுந்தது. மேளம் இல்லை. மூலையில் யாரும் இல்லை. வெறும் நீலத்திரை, தை மாத வானம் மாதிரி துடைத்துப் போட்டிருந்தது. மூன்று பேரும் கொஞ்ச நேரம் ஏதோ துக்க வீட்டில் நிற்பது போல அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எனக்குச் சொல்லிட்டீங்க, சரி," என்றார் அர்த்தநாரி கடைசியில். "அவகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்? எனக்கு வாய் வராதுங்க. நீங்களே சொல்லீருங்க." எண்ணை அழுத்திப் போனை வேலுமணியின் கையில் வைத்துவிட்டார்.

பிரபா ஒரே மணியில் எடுத்துவிட்டாள். "அண்ணா?"

வேலுமணி போனைக் காதில் வைத்துக்கொண்டார். அமுதவல்லியைப் பார்த்தார். அவள் சொல்லிக்கொடுக்கவில்லை, வாயசைக்கவில்லை. ஆனால் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மிணி, நான் வேலுமணி பேசறனுங்க. எனக்குச் சம்சாரம் இருக்கறாங்க. நல்லா இருக்கறாங்க. தப்பு முழுக்க எம்படது. வேண்டாம்னு ஒரு எடத்துல அமுக்காம விட்டுட்டேன், அது உங்களை வந்து தொட்டிருச்சு. உங்க அண்ணன்கிட்டயும் பார்த்துட்டுச் சொல்றேன்னு சொல்லிட்டனுங்க. ஆனா பார்க்கறதுக்கு ஒண்ணும் இல்ல. இல்லைங்கறதை இல்லைன்னே சொல்றேன். என்னை மன்னிச்சுக்குங்க."

ஒரு பெண்ணின் வாழ்க்கைக் கனவைப் பொசுக்கிய பாவி என்று வேலுமணி தன்னையே வைதுகொண்டார்.

"அந்தத் தோள்பட்டை அவங்களுதுங்களா?" என்று பிரபா கேட்டாள்.

"ஆமாங்க."

"நான் அண்ணன்கிட்ட அப்பவே சொன்னனுங்க, தங்கச்சியா இருந்தா இவ்வளவு ஒட்டி நிக்க மாட்டாங்கன்னு. அவருதான் கேக்கல." ஒரு சிறு சிரிப்பு கேட்டது, அதன் ஓரத்தில் ஈரம் இருந்ததும் கேட்டது. "பரவாயில்லீங்க. மொதக் கல்யாணத்துக்கு எங்கண்ணன் போன எடத்துல எல்லாம் பார்த்துட்டுச் சொல்றோம்னுதான் சொன்னாங்க. நானும் அப்படியே உக்காந்திருந்தேன். மொகத்துக்கு நேரா இல்லைன்னு சொன்னது நீங்க ஒருத்தருதான். கடையத் திறக்கப் போறேனுங்க. சட்டையக் கேட்டு ரெண்டு பேரு வாசல்ல நிக்கறாங்க."

அமுதவல்லி போனை வாங்கிக்கொண்டாள். "கண்ணு, நான் தோள்பட்டை பேசறேன்," என்று ஆரம்பித்துப் பின்கட்டுப் பக்கம் நடந்தாள். அங்கே என்ன பேசினார்கள் என்று ஆண்கள் இருவருக்கும் கடைசிவரை தெரியவில்லை. சிரிப்பு மட்டும் இரண்டு மூன்று தடவை கேட்டது. ஒரு தடவை வேலுமணியின் பெயர் வந்தது. அதற்குப் பிறகு வந்த சிரிப்புதான் மற்றவற்றை விடப் பெரிதாக இருந்தது.

அர்த்தநாரியை இட்லி சாப்பிடாமல் விடவில்லை. சாப்பிட்டு முடித்து அவர் பழப்பையைக் கையில் எடுத்தார், யோசித்தார், கீழே வைத்தார். "கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்துட்டுப் போறது நல்லா இருக்காதுங்க. சாமிக்கு வெச்சிருங்க."

"பிரபாவுக்கு இதைக் குடுங்க," என்று அமுதவல்லி ஒரு தூக்குப் போசி நிறைய நெய்யை அவர் கையில் திணித்தாள். "பொங்கலுக்கு முன்னால நான் வாரேன்னு சொல்லியிருக்கறேன். ரவிக்கை தைக்கக் குடுக்கோணும். அளவு தோள்பட்டையில இருந்தே எடுத்துக்கலாம்னு சொல்றா."

அர்த்தநாரி படியிறங்கிச் செருப்பை மாட்டினார். பிறகு திரும்பி நின்று தயங்கினார்.

"ஏனுங்க, எங்க ஊட்டுக் கம்ப்யூட்டர்லயும் அந்தக் கிளி இருக்குதுங்களே. அதை எடுத்துப் போடலாம்னு பார்க்கறேன். ஆனா அவளுக்கு வேண்டாம்னு நான் எப்படிங்க அமுக்கறது?"

எப்போதும் போல யோசிக்காமல் தலையாட்ட வேலுமணிக்கு ஆசையாகத்தான் இருந்தது.

"நீங்க அமுக்காதீங்க," என்றார். "அவங்களையே கேளுங்க. வேணும்னாலும் வேண்டாம்னாலும் அவங்க வெரலு."

அர்த்தநாரி அதைக் கொஞ்ச நேரம் மனதுக்குள் உருட்டிப் பார்த்தார். பிறகு தலையசைத்து, "வாரேனுங்க," என்று இரண்டு பேரையும் கும்பிட்டார். நெய்ப் போசி சிந்தாமல் பேருந்து நிலையத்தைப் பார்க்க நடந்தார். அவர் தெருமுனை திரும்பும்வரை கணவனும் மனைவியும் வாசலிலேயே நின்றார்கள். அமுதவல்லி வேலுமணியின் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த சட்னியைத் துடைத்துவிட்டாள். அவர் உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினாள்.